மறு: போன்சாய் கலைச்சொல்: இலையுதிர்ப்பா, இலையறுப்பா?

> கடையில் வாங்கிய ஃபைகஸ் (இச்சி) போன்சாயின், அதாவது தொட்டிக் குறுமரத்தின், இலைகளை மொத்தமாக எடுத்துவிடும் ‘டீஃபோலியேஷ’னுக்கு ‘இலையுதிர்ப்பு’ என்று வைக்கலாமா? வேலூர் மாடித்தோட்டக் கையேட்டுக்கு வேண்டும்.

ஐயா, இலக்கணப்படி ‘உதிர்ப்பு’ பிறவினைதான், தப்பில்லை. ஆனால் அவசரமாகப் படிப்பவர் அதை ‘உதிர்வு’ என்றே எடுத்துக்கொள்வார். இந்தச் செடியில் உதிர்வு வேறு சங்கதி. நிழலான கடையிலிருந்து கொண்டுவந்து வேலூர் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை மஞ்சளித்துக் கொட்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போலத் தோன்றினால், கொட்டுகிற செடியையும் ஆள் மொட்டையடித்துவிடுவார்.

> அப்படியானால் ‘இலையாய்தல்’? முருங்கைக்கீரை ஆய்கிறோமே.

சொல் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் கெட்டுவிடும். கீரையை ஈர்க்கிலிருந்து உருவி ஆய்வோம். இச்சியில் அப்படி உருவினால் காம்புக்கும் தண்டுக்கும் இடையே உறங்கும் மொட்டு தோலோடு பிய்ந்துவரும். அந்தக் கணுவில் தளிர் வராது. (யாராவது ‘இலையாய்வு’ என்று சுருக்கினால் செடி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விடும்.)

என் பரிந்துரை ‘இலையறுப்பு’. வாழைத் தோட்டத்தில் புழங்கும் சொல். இலையை அறுத்தால் அடிமட்டை மரத்திலேயே நிற்கும். இங்கேயும் அதே வேலைதான்: கத்தரியால் காம்பின் நடுவில் வெட்டவேண்டும். மிச்சக் காம்பு காய்ந்து தானாக விழும், அதன் கக்கத்திலிருந்து புதுத் தளிர் சின்ன இலையோடு வரும். ‘அறுவை’ என்று சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கையேட்டு விளக்கத்தில் இவற்றையும் சேர்க்கவேண்டும். நன்றாகத் தழைத்திருக்கும் செடிக்கு மட்டும்தான் இலையறுப்பு. அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம்: இலை மறைப்பு இல்லாத கிளைத்தோல் வெந்துவிடும். ஆனி, ஆடியில் மழை தலைகாட்டியபின் செய்யலாம். மார்கழிக் குளிரில் தளிர்ப்பு மந்தம். மண் மாற்றி வேரைக் கழித்த செடிக்கு அதே பருவத்தில் இதையும் செய்தால் தாங்காது. வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றவேண்டும். சிலருக்குத் தோல் அரிக்கும்.

அதிகம் கெடுவது தண்ணீரால்தான். இலை இல்லாத செடி மிகக் குறைவாகவே குடிக்கும். பழைய கணக்கிலேயே ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்ததை விரலால் பார்த்துத்தான் ஊற்றவேண்டும். கடைத்தொட்டியில் மேலே கூழாங்கல்லைப் பசை வைத்து ஒட்டியிருந்தால் முதலில் அதைப் பெயர்த்தெடுக்கவும். அது இருக்கும்வரை மண்ணின் ஈரம் கைக்குத் தெரியாது.

> பலமில்லாத கிளையை என்ன செய்வது?

அதில் இலையை விட்டுவிடுங்கள், வலுத்த கிளையில் மட்டும் அறுங்கள். இதற்குப் ‘பகுதி இலையறுப்பு’ என்றே சொல்லலாம். கிளை மொட்டையாக நிற்கும்போதே, அதை வளைத்து வடிவமைக்க அலுமினியக் கம்பி சுற்றுவதும் சுலபம்: கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வு. இச்சி வேகமாகப் பருக்கும், மூன்றாம் வாரத்திலிருந்தே கம்பியைப் பார்த்துவரவேண்டும். தோலில் பதியத் தொடங்கினால் சுற்றி அவிழ்க்காமல் துண்டு துண்டாக நறுக்கி எடுக்கவும். அந்தப் பதிவுக்குக் ‘கம்பித்தழும்பு’ போதும், அதில் சண்டை இல்லை.