ஏஎம்டி64-இல் டிட்ரேஸ் ப்ரோப் இருக்கிறது, ஆர்ம்64-இல் காணோம்

கேள்வி
ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற இரண்டு வகை சிப்புக்கும் பைத்தானை டெபியன் லினக்ஸ் பேக்கேஜாக நானே கட்டுகிறேன். ஓடும் ப்ரோகிராமை வெளியிலிருந்து கவனிக்க, உள்ளே டிட்ரேஸ் ப்ரோப் என்ற அடையாளப் புள்ளிகளும் வேண்டும். ஏஎம்டி64-இல் பிபிஎஃப்ட்ரேஸ் என்ற ட்ரேஸ் கருவி, ஜிசி ஸ்டார்ட் (வேண்டாத மெமரியைத் துப்புரவு செய்யத் தொடங்கும் இடம்) ப்ரோபைச் சரியாகப் பிடிக்கிறது. ஆர்ம்64-இல் ப்ரோபே கிடைக்கவில்லை என்கிறது. பில்ட் லாகில் ஒரு எரர்கூட இல்லை. ப்ரோப் வைக்கத் தேவையான சிஸ்டம்டேப் எஸ்டிடி ஹெடர் இரண்டிலும் இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பதில் 1
எந்த ஃபைலில் தேடினீர்கள்? ஷேர்டு பில்ட் என்றால் ப்ரோப்கள் லிப்பைத்தான் என்ற தனி லைப்ரரி ஃபைலில் இருக்கும், பைத்தான் பைனரியில் இருக்காது.

கேள்வி கேட்டவர்
லிப்பைத்தானில்தான் தேடினேன். பேக்கேஜைக் கட்டும் ரூல்ஸ் ஃபைலில் ஹோஸ்ட் ஆர்க்கை (எந்தச் சிப்புக்குக் கட்டுகிறோம் என்பதை) பார்த்து, 'ஏஎம்டி64 ஏஆர்ச்64' பட்டியலில் இருந்தால் மட்டும் வித்-டிட்ரேஸ் ஆப்ஷனைச் சேர்க்கிறேன்.

பதில் 2
அங்கேதான் விட்டுவிட்டீர்கள். ஏஆர்ச்64 என்பது க்னூ வைத்த பெயர். டெபியனில் அதே சிப்புக்குப் பெயர் ஆர்ம்64. பட்டியலோடு பெயர் பொருந்தாததால் ஆப்ஷன் சேரவே இல்லை. சேர்ந்திருந்து டிட்ரேஸ் கமாண்ட் மட்டும் இல்லாமல் போயிருந்தால் கம்பைலுக்கு முன் ஓடும் கன்ஃபிகர் எரர் கொடுத்து நின்றிருக்கும். ஆப்ஷனே போகாதபோது அது எதற்கு நிற்கப்போகிறது?

இதே தப்பை நானும் செய்து, ஒரு ரிலீஸ் முழுக்க ப்ரோப் இல்லாமல் அனுப்பியிருக்கிறேன். சர்வர் திணறும் நேரத்தில் ட்ரேஸ் போட உட்கார்ந்தவருக்குத்தான் அது தெரிந்தது. அந்த நேரத்தில் அவரைக் கைவிட்டது என் பேக்கேஜ். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பட்டியலைத் திருத்துங்கள். அப்புறம் பில்ட் முடிந்ததும் ஒரு சோதனை வையுங்கள்: லிப்பைத்தானை ரீட்எல்ஃப் என்ற கமாண்டில் கொடுத்து, ஃபைலுக்குள் இருக்கும் நோட்ஸ் என்ற குறிப்புகளைப் பாருங்கள். ப்ரோப் இருக்கும் இடத்தில் ஓடுவது வெறும் ஒரு நோப் (எதுவும் செய்யாத கட்டளை)தான். அதன் முகவரி, பெயர், ஆர்க்யுமென்ட் எல்லாம் ஸ்டாப்எஸ்டிடி நோட்டில் எழுதியிருக்கும். ரீட்எல்ஃப் ஃபைலைப் படிக்கத்தான் செய்கிறது, ஓட்டுவதில்லை. அதனால் வேறு சிப் உள்ள மெஷினில் கட்டும் க்ராஸ் பில்டிலும் இதே சோதனை போதும். ஆர்ம் மெஷின் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்
பெயரை மாற்றியதும் வந்துவிட்டது, நன்றி! ஏஎம்டி64-இன் நோட்ஸை அப்படியே சேமித்து வைத்து ஒப்பிடலாமா?

பதில் 2
வேண்டாம். ஆர்க்யுமென்ட் வரியில் ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்பை வைக்கும் இடம்) பெயர் வரும். ஏஎம்டி64-இல் ஈஏஎக்ஸ் மாதிரி ஒன்று, ஆர்ம்64-இல் எக்ஸ்0 மாதிரி ஒன்று. கம்பைலர் மாறினாலும் அது மாறும். ப்ரொவைடர் (ப்ரோபைத் தரும் ப்ரோகிராம்) பைத்தான், ப்ரோப் பெயர் ஜிசி ஸ்டார்ட், ஜிசி டன். இவை இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் பில்டை அங்கேயே ஃபெயில் ஆக்குங்கள்.