ஒன்லைன் கடைத் தரவில் வினவல் பயிற்சி: மொத்த விற்பனை கூடிக் காட்டுது, ஏன்?

மருதமுனை_பொடியன்:
நானாமார், அண்ணாமார், ஒரு உதவி. எஸ்கியூஎல்லில (தரவுத்தளத்திட்டக் கேள்வி கேக்கிற மொழி) உயர்தர ஐசிடி பாடத்தில வாற அளவுக்கு செலெக்ட், வெயார், ஓடர் பை தெரியும். பயிற்சிக்கு கேகிள் எண்ட தரவுப் பகிர்வுத் தளத்தில இருக்கிற ஒலிஸ்ட் தரவை (பிரேசில் ஒன்லைன் கடை, 2016 – 2018) இறக்கி, டிபி பிரவுசர் எண்ட மென்பொருள் மூலமா எஸ்கியூலைற் தரவுத்தளத்தில போட்டிருக்கிறன். ஓடர், ஐட்டம், பேமென்ட் மூண்டு அட்டவணையையும் ஓடர்_ஐடியால ஜொயின் பண்ணி (இணைச்சு) விலையைக் கூட்டினா, ஐட்டம் அட்டவணையில மட்டும் கூட்டினதைவிடக் கூடுதலா வருது. சம்முக்குள்ள (கூட்டுற சார்பு) டிஸ்டிங்ட் (ஒரே பெறுமானத்தை ஒருதரம் மட்டும் எடுக்கிறது) போட்டா ஒரேயடியா விழுந்து போகுது. எது சரி? இன்னொண்டு, ஒருதரத்துக்கு மேல வாங்கின வாடிக்கையாளரைத் தேடினா ஒருத்தரும் வருதில்ல.

வாவிக்கரை_மட்டு:
ஐட்டம் அட்டவணையை மட்டும் கூட்டினதுதான் சரி. மற்ற ரெண்டும் பிழை, ஆனா வேற வேற காரணத்தால.

ஒரு ஓடரில 1,500 ரூபா சாரம் ரெண்டு எண்டு வைங்க. ஐட்டத்தில ரெண்டு நிரை, மொத்தம் 3,000. காசை 2,000, 1,000 எண்டு ரெண்டா கட்டியிருந்தா பேமென்டிலயும் ரெண்டு நிரை. ஓடர்_ஐடியால மூண்டையும் இணைச்சா ஒவ்வொரு ஐட்டமும் ஒவ்வொரு பேமென்டோடயும் சேரும்: 2 × 2 = 4 நிரை. விலையைக் கூட்டினா 6,000, கட்டின காசைக் கூட்டினாலும் 6,000. ரெண்டும் ஒத்துப்போறதால சரி எண்டு நினைச்சிடுவீங்க, அதுதான் இதில பொல்லாத இடம். டிஸ்டிங்ட் போட்டா ரெண்டு 1,500உம் ஒண்டாகி 1,500 மட்டும் வரும்.

வழி: ஐட்டத்தைத் தனியா குரூப் பை ஓடர்_ஐடி போட்டு ஓடருக்கு ஒரு நிரையாக்குங்க. பேமென்டையும் அப்படியே. ரெண்டையும் வித் கட்டளைக்குள்ள (தற்காலிக அட்டவணை மாதிரி) வெச்சு, ஓடர் அட்டவணையில இருந்து லெஃப்ட் ஜொயின் (சோடி இல்லாத நிரையையும் விடாம வைக்கிறது) பண்ணுங்க. வெறும் ஜொயின் வேணாம், ஐட்டமே இல்லாத ஓடர்கள் இந்தத் தரவில இருக்கு, அதுகள் சத்தமில்லாமக் காணாமப் போகும். பிறகு விலை + அனுப்புசெலவு, கட்டின தொகையோட ஒத்துப்போகுதா எண்டு பாருங்க. அதுக்கு சமன் குறி போடாதீங்க. எஸ்கியூலைற்றில தசமம் மிதவை எண்ணாத்தான் நிக்கும், வித்தியாசம் 0.01ஐ விடக் கூடவா எண்டு ஏபிஎஸ் (சய குறியை விட்டு அளவை மட்டும் எடுக்கிறது) போட்டுக் கேளுங்க.

சம்மாந்துறை_வயல்:
ரெண்டாவது கேள்விக்கு: இந்தத் தரவில் கஸ்டமர்_ஐடி என்பது ஆளுக்கு அல்ல, ஓடருக்கு ஒன்று. அதனால் யாரும் இரண்டு தரம் வந்திருக்க முடியாது. ஆளை அடையாளம் காட்டும் நிரல் கஸ்டமர்_யுனிக்_ஐடி. அது கஸ்டமர் அட்டவணையில்தான் இருக்கிறது. அதன்மேல் குரூப் பை போட்டு, ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்ட் ஓடர்_ஐடி) > 1 என்று கேளுங்கள் (ஹேவிங் என்பது குழுக்களை வடிக்கும் நிபந்தனை). ஓடர் 99,441, ஆட்கள் 96,096. இந்த இரண்டு எண்ணும் வரவில்லை என்றால் இறக்குமதியில்தான் பிழை.

ஐட்டத்தில் 112,650 நிரையும் பேமென்டில் 103,886 நிரையும் வரவேண்டும். ஓடர்_ஐட்டம்_ஐடி நிரலைப் பார்த்து அளவு என்று நினைத்து விலையோடு பெருக்கிவிடாதீர்கள். அது 1, 2, 3 என்ற வரிசை இலக்கம் மட்டும், ஒவ்வொரு சாமானும் தனி நிரை. தபால் குறியீட்டை எண்ணாக இறக்கினால் முன்னால் உள்ள 0 போய்விடும், எழுத்தாக வையுங்கள் (நம் தொலைபேசி இலக்கத்துக்கும் இதே கதைதான்). ஜியோலொக்கேஷன் (இட அமைவு) அட்டவணையில் ஒரே தபால் குறியீட்டுக்குப் பல நிரைகள் உள்ளன. குறியீட்டுக்கு ஒன்றாகச் சுருக்காமல் அதை இணைத்தால் கணினி திணறும், விடையும் பெருத்துப் போகும்.

மருதமுனை_பொடியன்:
ரெண்டு பேருக்கும் நன்றி, எண்ணெல்லாம் சரியா வந்திட்டு. இப்ப 2018 ஜனவரியில ஒண்டுமே விக்காத பொருளையும் 0 எண்டு காட்டப் பார்க்கிறன். பொருள் அட்டவணையில இருந்து லெஃப்ட் ஜொயின் போட்டும் அதுகள் வருதில்ல.

அக்கரை_22:
திகதி நிபந்தனையை வெயாரில போட்டிருப்பீங்க. விக்காத பொருளுக்குத் திகதி வெற்றுப் பெறுமானம் (நல்), அது எந்த ஒப்பீட்டிலயும் தேறாது. அதால அந்த நிரை கழியும், லெஃப்ட் ஜொயின் வெறும் ஜொயினாகிடும்.

நிபந்தனையை ஜொயினோட வாற ஒன் பகுதிக்கு (எதை எதோட சேர்க்கிறது எண்டு சொல்ற இடம்) மாத்தச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. இங்க அது பாதி மருந்து. திகதி இருக்கிறது ஓடரில, பொருளோட ஒட்டுறது ஐட்டம். பொருள், ஐட்டம், ஓடர் எண்டு ரெண்டு லெஃப்ட் ஜொயின் போட்டு ஓடரின்ர ஒன்னில திகதியை வெச்சா, மற்ற மாத ஐட்டங்களும் நிண்டு கூட்டுக்குள்ள வந்திடும். ஐட்டத்தையும் ஓடரையும் முதல்ல உள்வினவலில ஜொயின் பண்ணி ஜனவரியை மட்டும் வடிச்சு, அதைப் பொருளோட லெஃப்ட் ஜொயின் பண்ணுங்க. எண்ணுறப்போ கவுண்ட்(*) போட்டா விக்காத பொருளுக்கு 1 வரும், கவுண்ட்(ஓடர்_ஐடி) போடுங்க. தொகைக்கு கோலெஸ் (வெற்றுக்குப் பதிலா வேற பெறுமானம் வைக்கிறது) போட்டு 0 ஆக்குங்க.

திகதிக்கு பிட்வீனும் (இதிலிருந்து இதுவரை எண்ட நிபந்தனை) வேணாம். '2018-01-31' வரை எண்டு எழுதினா 31ஆந் திகதி முழுக்கப் போயிடும், நேரம் பின்னால ஒட்டியிருக்கிறதால. '2018-01-01'க்குச் சமன் அல்லது கூட, '2018-02-01'க்குக் குறைய எண்டு எழுதுங்க.

ஒண்டு சொல்றன், வயல் நானா கோவிக்காதீங்க: லட்சம் நிரையில பழகிறதுக்கு முதல் பத்து ஓடர் உள்ள சின்னக் கடை ஒண்டைக் கையால எழுதுங்க தம்பி. மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் எண்டு அஞ்சு வாடிக்கையாளர், மருதமுனைக் கைத்தறி ஆறு பொருள். அதில ஒருத்தர் ஒண்டும் வாங்காதவர், ஒரு ஓடர் ரெண்டு தரமாக் காசு கட்டினது, ஒண்டு திரும்பி வந்தது. விடையைக் கொப்பியில போட்டுவிட்டுப் பிறகு வினவலை ஓட்டுங்க.

சம்மாந்துறை_வயல்:
கோபம் இல்லை, சரியான யோசனை. ஓடர் அட்டவணையில் விருந்தினராக வாங்கிய ஒருவரையும் சேருங்கள், வாடிக்கையாளர் இலக்கம் வெறுமையாக. பிறகு வாங்காதவர்களை நொட் இன் (பட்டியலில் இல்லாதவர்) போட்டுத் தேடிப் பாருங்கள், அந்த வெறுமையால் ஒருவரும் வரமாட்டார். நொட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் வருவார்.

வாவிக்கரை_மட்டு:
நம்ம பக்கத்துக் கடைத் தரவு கைக்கு வந்தா நேரத்தையும் பாருங்க. கனக்கச் சேர்வர்கள் யூடிசியில (உலகப் பொது நேரம்) எழுதும், இலங்கையில நாம அதுக்கு 5 மணித்தியாலம் 30 நிமிடம் முன்னால. திருத்தாட்டி இரவு 12 தொடக்கம் காலை 5.30 வரை வந்த ஓடரெல்லாம் முதல் நாள் கணக்கில விழும், மாதக் கடைசியில மாதமே மாறும். எஸ்கியூலைற்றில டேட்டைமுக்குள்ள '+330 மினிட்ஸ்' குடுங்க. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில கன்வேர்ட்_டிஇசட்டுக்கு (நேரவலயம் மாத்துற சார்பு) ஊர்ப் பெயர் குடுத்தா, நேரவலய அட்டவணை ஏத்தாத சேர்வரில வெறுமைதான் திரும்பி வரும். '+00:00', '+05:30' எண்டு குடுத்தா அந்தத் தொல்லை இல்ல.