புதுப்பிப்பு: பனிச்சறுக்குக்குப் பாடம் தேவையா?

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: பனிச்சறுக்குப் பயிற்றுநர் ஆக காசு கொடுத்துப் பாடம் எடுக்கணுமா, கூட்டாளிகளிடம் கற்றால் போதாதா என்று. "சுங்கை சிப்புட்ல ஏதுடா பனி? ஐஸ் கச்சாங்லயா சறுக்கப் போற?" என்றார் அம்மா. (சுங்கை சிப்புட் மலேசியாவில் உள்ள ஊர்; ஐஸ் கச்சாங் துருவிய ஐஸில் செய்யும் இனிப்பு.)

சரி, ஜப்பானின் ஹொக்கைடோவில் நிசேகோ என்ற பனிச்சறுக்கு இடத்துக்குப் போய் வந்தேன். முதல் வாரம் கூட்டாளி பாடம், விழுந்ததுதான் மிச்சம். அப்புறம் பாடம் எடுத்தேன். பயிற்றுநர் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார்: பயத்தில் பின்னால் சாய்கிறேன். அப்படிச் சாய்ந்தால் பலகையின் முன்பக்கம் பிடி இழக்கும், திரும்பாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு பூட்ஸை அழுத்த வேண்டும். திரும்பும்போது எடை வெளிப்பக்கக் காலில். ரப்பர் பால் வாளியோடு தோட்டத்துச் சரிவில் இறங்கிப் பழகிய உடம்புக்கு இது தலைகீழ்!

அடுத்தது லெவல் 1, அதாவது பயிற்றுநர் ஆவதற்கான முதல் நிலைத் தேர்வு. நன்றாகச் சறுக்கினால் போதாது, கற்பித்தும் காட்ட வேண்டும். செலவுக் கணக்கை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.