பிரதேச சபை ஆக்களின்ர கவலையீனத்தால காயப்பட்டு நட்டஈடு கேட்டனீங்களோ? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

முதிரை:
சபைக்கு எதிரா வழக்குப் போடலாமோ, அது அரசாங்கமெல்லோ எண்டு கனபேர் என்னட்டக் கேக்கினம். போடலாம். நாங்கள் போட்டிருக்கிறம்.

2023 கார்த்திகை. எங்கட ஒழுங்கையில மதகு போடப் பிரதேச சபை ஆக்கள் றோட்டைக் குறுக்கால வெட்டினவை. பின்னேரம் வேலை முடிஞ்சு போகேக்க ரெண்டு கிளுவைத் தடியை நட்டு ஒரு உரப்பையைக் கட்டிவிட்டுப் போட்டினம். லைற்றும் இல்லை, பலகையும் இல்லை. அண்டிரவு நல்ல மழை. தடி சாய்ஞ்சு, கிடங்கு நிரம்பி, றோட்டும் கிடங்கும் ஒரே தண்ணியாக் கிடந்திருக்கு. வயலால சைக்கிளில வந்த என்ர மனுசன் அதுக்குள்ள விழுந்து தொடை எலும்பு முறிஞ்சுது. கிளிநொச்சியில பாத்திட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவை, அங்க பிளேட் வைச்சது. அந்தக் காலபோகத்துக்கு உரம் எறியவும் ஆளில்லை, அறுவடைக்கும் ஆளில்லை. 2009ல முள்ளிவாய்க்கால் மட்டும் போய் ரெண்டு காலோடையும் திரும்பி வந்த மனுசன் அவர்.

அண்டைக்கு வேலைக்குப் பொறுப்பா நிண்டது எங்கட அயல் பெடியன். மூண்டாம் நாள் நெஸ்டமோல்ட் பேணியோட ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலடியில நிண்டு அழுதவன். தற்காலிகமா வேலை செய்துகொண்டு நிரந்தரமாக்குவினம் எண்டு காத்திருக்கிறவன். வழக்குப் போட்டா அவன்ர வேலை போயிடும் எண்டு மனுசன் வாயே திறக்கேல்லை. எனக்கும் மனம் வரேல்லை. அப்பிடியே மூண்டு மாதம் போட்டுது. ஊரில எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்ச ஆக்கள், அதால எங்களைப்போல கனபேர் இந்த இடத்திலதான் நிண்டுவிடுகினம்.

பிறகு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனம். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அங்க காசில்லாமல் செய்து குடுப்பினம். அந்த லோயர் தங்கச்சிதான் விளங்கப்படுத்தினவா. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபை தன்ர பேரிலேயே வழக்குப் போடவும், அதுக்கு எதிரா வழக்குப் போடவும் ஏலுமான ஒரு சட்ட ஆள். கடமையில நிக்கிற ஊழியர் கவனமில்லாமல் விட்ட பிழைக்கு வேலைக்கு வைச்சவைதான் பொறுப்பு. அவன் கெட்டவன் எண்டு காட்டத் தேவையில்லை, எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கேல்லை எண்டு காட்டினாப் போதும். இதைக் கேட்ட பிறகுதான் மனுசன் கையெழுத்து வைச்சவர்.

காலத்தைப் பற்றி வடிவாக் கேளுங்கோ. வழக்கமான நட்டஈட்டு வழக்குக்கு 2 வருசம் இருக்கு. சபைக்கு எதிரா எண்டா அந்த 2 வருசத்தை நம்பி இருக்கக்கூடாது, அந்தக் காலம் மாதக் கணக்கிலதான். அதோட, வழக்குப் போட ஒரு மாதத்துக்கு முன்னம் சபைக்கு எழுத்தில அறிவித்தல் குடுக்கவேணும்: என்ன நடந்தது, உங்கட பேர், விலாசம், லோயரின்ர பேர். நாங்கள் பதிவுத் தபாலிலயும் அனுப்பி, இன்னொரு பிரதியைக் கந்தோரில குடுத்துச் சீலும் குத்துவிச்சனாங்கள்.

2023 மார்ச்சோட சபைகளின்ர காலம் முடிஞ்சு செயலாளர்தான் எல்லாம் பாத்தவர். "தேர்தல் முடியட்டும், தவிசாளர் வரட்டும், கதைச்சு எடுக்கலாம்" எண்டு சொல்லாத ஆளில்லை. தேர்தல் நடந்தது 2025 மே 6. அதுமட்டும் இருந்திருந்தா எங்களுக்கு வழக்கே இல்லை.

வீரை:
அக்கா சொன்ன பெடியனைப் போலத்தான் எங்கட கதையும், ஆனா எங்களுக்கு வந்த டிரைவர் அழேல்லை. சபையின்ர குப்பை டிரக்ரர், பெட்டிக்குப் பின்னால லைற் ரிஃப்ளெக்ரர் ஒண்டுமில்லை, இருட்டுக்க றோட்டிலயே நிப்பாட்டி வைச்சிருந்தவர். தம்பி மோட்டார் சைக்கிளோட அடிபட்டு வலக்கை இண்டைக்கும் தோளுக்கு மேல எழும்பாது.

சபை சொல்லிச்சுது, டிரைவர் தன்ர சொந்த அலுவலாப் போனவர், எங்களுக்குச் சம்பந்தமில்லை எண்டு. அது உண்மையா இருந்தா வழக்கு அந்த இடத்தில பலமிழந்துடும். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ அந்த நாளின்ர ரன்னிங் சாட்டையும் (வாகனம் ஓடின பதிவு) செக்ரோலையும் (வேலையாக்களின்ர வரவுப் பதிவு) கேட்டு எழுதினன். 14 வேலை நாளுக்குள்ள பதில் தரவேணும், தந்தவை. ரன்னிங் சாட்டில அந்தப் பயணம் "குப்பை ஏற்றல்" எண்டு எழுதி, மேல உத்தியோகத்தர் ஒருத்தரின்ர கையெழுத்தும் இருந்தது. அதைக் கண்ட பிறகு சொந்த அலுவல் எண்ட கதை நிண்டுபோச்சு.

இன்னொண்டு. நீதவான் கோட்டில டிரைவருக்குப் போட்ட தண்டக் காசு அரசாங்கத்துக்குத்தான் போனது. வழக்கு முடிஞ்சுது எண்டு அம்மா நினைச்சுட்டா. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில வேற வழக்குப் போடவேணும்.

பாலை:
நான் பிழைவிட்ட ஆள். காலில கம்பி ஏறி வாட்டில கிடக்கேக்க சபையால ஆள் வந்து 25,000 ரூபா தந்து ஒரு கடதாசியில கையெழுத்து வாங்கினவர். "உதவி" எண்டுதான் சொன்னவர். "இனி எந்தக் கோரிக்கையும் முன்வைக்கமாட்டேன்" எண்டு அதில இருந்ததைப் பிறகுதான் மகள் வாசிச்சுச் சொன்னவள். வேதனையில கிடக்கேக்க ஒண்டிலும் கையெழுத்து வையாதேங்கோ பிள்ளையள்.

குளக்கட்டு:
முதலில றோட்டு ஆற்றை எண்டு பாருங்கோ. ஏ, பி தர வீதியள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. உள் ஒழுங்கையள்தான் பெரும்பாலும் சபைக்கு. எங்கட பக்கம் வாய்க்கால் வீதியெண்டா நீர்ப்பாசனத் திணைக்களமும் இருக்கு. நான் சபைக்கு எழுதின கடிதம் ரெண்டு மாதம் கழிச்சு "எமது வீதியன்று" எண்டு திரும்பி வந்தது. அந்த ரெண்டு மாதத்தை ஆர் திருப்பித் தருவினம்?

சபை றோட்டெண்டாலும் வேலையைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒப்பந்தமாக் குடுத்திருந்தா, தங்கட ஊழியர் இல்லை எண்டு சொல்லுவினம். ஒப்பந்தப் பிரதியையும் தகவல் உரிமையில கேளுங்கோ, மேற்பார்வை ஆற்றை எண்டு அதில கிடக்கும்.

புதுவீடு:
சபைப் பூங்காவில ஊஞ்சல் சங்கிலி அறுந்து மகளுக்குக் கை முறிஞ்சது, அஞ்சு கிழமையாச்சு. சங்கிலி துருப்பிடிச்சிருக்கு எண்டு முன்னமே காவலாளிக்குச் சொன்னனாங்கள். பொலிசுக்குப் போகேல்லை. இனிப் போகலாமோ?

முதிரை:
போகலாம் தங்கச்சி, நாளைக்கே போங்கோ. முறைப்பாடு போட்டு அதின்ர பிரதியை எடுங்கோ. சட்ட வைத்திய அதிகாரி பாக்கிறதுக்கும் பொலிசின்ர படிவம் வேணும். பிள்ளைக்காக நீங்களோ தகப்பனோ நிண்டு வழக்குப் போடலாம். காவலாளிக்கு எப்ப சொன்னது, ஆர் பக்கத்தில நிண்டது எண்டு மறக்க முன்னம் எழுதி வையுங்கோ. ஆஸ்பத்திரியில தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, வாகனம் பிடிச்ச காசு, எல்லாத்தையும் ஒரு பையில போடுங்கோ. ஊஞ்சலைக் கழட்டிக்கொண்டு போக முன்னம் படம் எடுங்கோ. எங்கட கிடங்கை அடுத்த நாள் மத்தியானத்துக்கிடையில மூடிப்போட்டினம். காலமை மருமகன் போனில எடுத்த நாலு படம்தான் எங்களிட்ட இருக்கிற சாட்சி எண்டு நினைச்சம்.

அப்பிடித்தான் நினைச்சிருந்தம். போன தவணைக்கு முன்னம் அந்தப் பெடியன் வீட்டை வந்தவன். தடுப்புப் பலகையும் சிவப்பு லாம்பும் தரச்சொல்லி ஸ்டோரில கேட்டதாம், இல்லையெண்டு அனுப்பினவையாம். கோட்டில வந்து சொல்லுறன் எண்டான். மனுசன் ஊன்றுகோலைப் பிடிச்சுக்கொண்டு படலை மட்டும் போய் அவனை அனுப்பிவிட்டவர். அடுத்த தவணை தை மாதம்.