காணும் பொங்கலுக்குக் குடும்பமே ஒரே வீட்டில்: வழக்கமாக்கலாமா?

திருவையாற்றுப் பேரன்: தாத்தா போன பிறகு எங்கள் நான்கு குடும்பங்களும் கல்யாண மண்டபங்களில்தான் பார்த்துக்கொள்கிறோம். வரும் தை முதல், காணும் பொங்கலன்று எல்லோரும் திருவையாற்றுப் பூர்வீக வீட்டில் கூட வேண்டும் என்று புதிதாக ஒரு வழக்கம் தொடங்க நினைக்கிறேன். மதியம் கூட்டாஞ்சோறு, சாயங்காலம் ஆற்றங்கரை. யாருக்கு என்ன தடை?

மூத்த மருமகள்: எனக்குத்தான் தடை. முதல் இரண்டு நாளும் மாமியார் வீட்டு அடுப்படியில் போய்விடும். மூன்றாம் நாள்தான் பிறந்த வீட்டுக்குப் போய், அப்பா அம்மா காலில் விழுந்து, அண்ணன் கையால் பொங்கல் காசு வாங்குவேன். யார் யாரைக் காணும் பொங்கல், தம்பி? மருமகள்களைக் கேட்டீர்களா?

திருவையாற்றுப் பேரன்: கேட்கவில்லை அக்கா, உண்மை. ஆனால் சமையல் ஆண்கள் பொறுப்பு.

மூத்த மருமகள்: எங்கள் வீட்டிலும் ஒரு வருடம் அப்படித்தான் சொன்னார்கள். சாம்பாரைக் கிண்டியது ஆண்கள்தான். நாற்பது பேருக்குக் காய் நறுக்கியதும் அண்டா தேய்த்ததும் யார்?

சேலத்துச் சித்தப்பா: எந்த நாளைச் சொன்னாலும் ஒருவருக்கு இடிக்கும். எல்லோருக்கும் தோதான நாள் வரட்டும் என்று காத்திருந்த நாங்கள் கடைசியாக முழுசாகக் கூடியது அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு. நாளைக் குறியுங்கள், வருகிறவர்கள் வரட்டும்.

மூத்த மருமகள்: உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் "வருகிறவர்கள் வரட்டும்" என்பது ஆண்களுக்குத்தான் செல்லும். நான் போகாவிட்டால், "அவளுக்குத் தாய்வீடுதான் பெரிது" என்று வருடம் முழுக்கப் பேச்சு.

பெங்களூர்வாசி: 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. பொங்கல் டிக்கெட் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. ஊர் திருவையாறு என்கிறீர்கள், ஆடிப்பெருக்கு இருக்கிறதே! ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்திருந்தால் காவிரியில் தண்ணீரும் ஓடும். வீட்டுக்கொரு சித்திரான்னம் கட்டிவந்தால் அடுப்பே மூட்ட வேண்டாம்.

மூத்த மருமகள்: இது நல்ல யோசனை. அண்டாவும் மிச்சம்.

திருவையாற்றுப் பேரன்: வார நாளில் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்குமே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளினால், அது ஆடிப்பெருக்கே இல்லை என்பார் பெரியம்மா.

மூத்த மருமகள்: பெரியம்மா என்ன சொல்வார் என்பது மட்டும் கேட்காமலே தெரிகிறது! மருமகள்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டு வந்து எழுதுங்கள்.