மழையும் வாடைக்காற்றும்: ஆடு மாடு விறைக்காமல் பார்க்கிறது எப்பிடி?

தென்மராட்சியான்
தாழமுக்கம் வருது எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லியிருக்கு. 2022 மார்கழியிலை மாண்டஸ் புயல் நேரம் வடக்கு கிழக்கிலை நூற்றுக்கணக்கிலை மாடும் ஆடும் குளிரிலை செத்தது, அதுதான் பயமாக் கிடக்கு. எங்களிட்டை ஆறு ஆடு, அதிலை ரெண்டு சினை. பரண் கொட்டில் (நிலத்திலையிருந்து உயர்த்திப் பலகை இடைவெளி விட்டு அடிச்சது) இருக்கு. பால்மாடும் நாம்பன் கன்றும் வேலிக்கரைப் பூவரசிலைதான் கட்டிறது. நுவரெலியாவிலை உறைபனி விழுற தை மாசத்திலையும் மாடு உயிரோடை நிக்குது. இஞ்சை 20 பாகைக்குக் கிட்ட வரவே ஏன் சாகுது? கொட்டிலிலை என்ன மாத்தோணும்?

கால்நடைப்பிரியன்
சாகடிப்பது வெப்பமானி காட்டும் எண் அல்ல, ஈரமும் காற்றும். மயிர் காய்ந்திருந்தால் அதற்குள் தங்கும் காற்று உடம்புச் சூட்டைக் காக்கும். தோல் வரை நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். நனைந்த மாடு 15 பாகையிலேயே உடம்புச் சூட்டைக் காக்கத் தீனியை எரிக்கத் தொடங்கும். பலத்த காற்றும் சேர்ந்தால் அதற்கு மேலேயே. நாள் முழுக்க மேயாமல் நின்ற மெலிந்த மாட்டுக்கு எரிக்க எதுவும் இருக்காது. 2022 இல் செத்தவற்றில் பெரும்பாலானவை திறந்தவெளிப் பட்டி மாடுகள். நுவரெலியாப் பக்கம் அம்பேவலைப் பண்ணையில் நிற்பவை ஐரோப்பிய இனங்கள், அவற்றுக்குக் கூரையும் சுவரும் உண்டு.

உடம்பு வெப்பத்தைத்தான் பாருங்கள். மலவாயிலில் வெப்பமானியை உட்சுவரில் படும்படி வையுங்கள். சாணத்துக்குள் குத்திக்கொண்டிருந்தால் அளவு பிழைக்கும். மாட்டுக்கு 38 முதல் 39.3, ஆட்டுக்கு 38.5 முதல் 40 வரை சரி. 37 இற்குக் கீழே போனால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த மாடு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். அதை ஆறுதலாக எடுக்க வேண்டாம்.

சூடேற்றுகிறோம் என்று சாராயம் பருக்குவது கூடவே கூடாது. தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடும். விழுங்க முடியாத மிருகத்துக்கு வாயால் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குத்தான் போகும்.

கரவெட்டிக் கமக்காரன்
அண்ணை, பூவரசு மழைக்கு மறைப்பில்லை. இலையிலை தேங்கின தண்ணி மழை விட்டாப் பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். கூரை இருக்கிற இடத்துக்கு இண்டைக்கே மாத்துங்கோ. வாடை வடகிழக்கிலையிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தையும் வடக்கையும் தறப்பாளாலை இல்லாட்டிக் கிடுகாலை அடைக்கோணும். ஆனா கூரைக்குக் கீழை ஒரு அடி விட்டுக் கட்டுங்கோ. முழுசா மூடினா மூத்திர ஆவி உள்ளுக்கை நிண்டு ஆட்டுக்குச் சளிக்காய்ச்சல் பிடிக்கும். தறப்பாளை மேலை மட்டும் கட்டினா காத்துக்குப் படபடத்துக் கிழிஞ்சுபோம், கீழை ஒரு தடியிலை சுத்திக் கட்டுங்கோ.

கனபேர் கவனிக்காமல் விடுறது பரணுக்குக் கீழைதான். பலகை இடைவெளியாலை மேலெழும்பிற காத்து நேரை வயித்திலை அடிக்கும். பரணிலை அரைவாசிக்கு உரப்பை விரிச்சு, மேலை நாலு விரல் கனத்துக்குக் காய்ஞ்ச வைக்கல் போடுங்கோ. மற்ற அரைவாசியைச் சும்மா விடுங்கோ, புழுக்கையும் மூத்திரமும் கீழை விழட்டும். நனைஞ்ச வைக்கலை அண்டண்டே எடுக்கோணும்.

தீனி பின்னேரம் ஐஞ்சு ஆறு மணிக்குக் குடுங்கோ. நார்த்தீனி வயித்திலை புளிக்கேக்கை சூடு வரும், அது நடுச்சாமக் கூதலுக்கு உதவும். மாட்டுக்கு வழமையிலும் ரெண்டு கிலோ வைக்கல் கூடப் போடலாம். ஆட்டுக்குப் பூவரசங்குழை, கிளிசறியா, பலாக்குழை எல்லாம் முதல் நாளே ஒடிச்சுக் கூரைக்குக் கீழை தூக்கி வையுங்கோ. மழைக்கை ஒடிச்ச குழையிலை பாதி தண்ணி. தவிட்டையும் புண்ணாக்கையும் ஒரேயடியாக் கூட்டாதேங்கோ, வயிறு புளிச்சு அதாலையே விழும்.

தென்மராட்சியான்
மெத்தப் பெரிய உபகாரம். சினை ஆடு அந்த இரவே குட்டி போட்டா? பல்ப் ஒண்டு கட்டினாக் காணுமோ?

கால்நடைப்பிரியன்
எல்.இ.டி. பல்பில் பயன் இல்லை, சூடு வராது. பழைய இழை பல்ப் 100 வாட் வேண்டும். குட்டியின் முதுகுக்கு மேல் இரண்டடி உயரத்தில், கம்பிக்கூட்டுக்குள், வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். வைக்கலில் விழுந்தால் கொட்டிலே எரியும்.

குட்டி விழுந்தவுடன் சாக்கால் தேய்த்துக் காயவையுங்கள். வாய்க்குள் விரல் வைத்தால் குளிராக இருக்கிறதா? அப்படியானால் கழுத்துவரை பொலித்தீன் பையில் இட்டு, 40 பாகை தண்ணீரில், தலையைப் பிடித்தபடி வைத்திருங்கள். பைக்குள் தண்ணீர் போகக்கூடாது: மயிரும் நனையாது, தாய் அடையாளம் பிடிக்கும் மணமும் போகாது. குட்டியின் உடம்பு வெப்பம் 37.5 இற்கு ஏறிய பிறகே கடும்புப்பால் (ஈன்றவுடன் சுரக்கும் முதல் பால்), கிலோ எடைக்கு 50 மில்லி. குளிர்ந்த குட்டிக்குப் பருக்கினால் பால் செரிக்காது. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பால் குடிக்காமல் விறைத்துக் கிடந்த குட்டி என்றால் சூடேற்றுமுன் குளுக்கோஸ் ஊசி தேவை. அதை மிருக வைத்தியர்தான் போட வேண்டும், தொலைபேசி இலக்கத்தை இப்போதே கேட்டு வையுங்கள்.