டிசி பஸ் கெப்பாசிட்டர குறைக்க வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, 2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் சோலார் கிரிட் டை இன்வெர்ட்டர் (பேனல் டிசிய ஏசியாக்கி கிரிட்டுக்கு அனுப்புறது) ஒன்னு பண்ணிட்டு இருக்கேன், உள்ள இருக்கிற டிசி லைன், அதாவது பஸ், 400 வோல்ட், இப்ப அதுல 820 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் இருக்கு. சிங்கிள் ஃபேஸ்ல பவர் 100 ஹெர்ட்ஸ்ல ஏறி இறங்குறதால ரிப்பிள் (பஸ் வோல்டேஜோட ஆட்டம்) 20 வோல்ட்டுக்குள்ள நிக்கணும்னா கிட்டத்தட்ட 800 வேணும், கணக்கு சரியாத்தான் வருது. ஆனா மொட்டை மாடி வெயில்ல பாக்ஸ் கொதிக்குது, 10 டிகிரி ஏறினாலே எலக்ட்ரோலைட்டிக் ஆயுசு பாதியாயிடும், அதான் பயமா இருக்கு.

அதனால ஃபிலிம் கெப்பாசிட்டர் 200 மைக்ரோஃபாரட் போட்டு ரிப்பிள 80 வோல்ட் வரைக்கும் விட்டுப் பாத்தேன். பஸ் 360 வரை இறங்குது, பஸ் எப்பவும் கிரிட் பீக்குக்கு மேல இருக்கணும், கிரிட் 253 வோல்ட் வந்தா பீக்கே 358, மார்ஜினே இல்ல. அதோட வோல்டேஜ் லூப் (பஸ் வோல்டேஜ நிலையா வெக்கிற கண்ட்ரோல்) வழியா 100 ஹெர்ட்ஸ் உள்ள பூந்து கிரிட் கரண்ட்ல மூணாவது ஹார்மோனிக் (150 ஹெர்ட்ஸ் கலப்பு) தெரியுது. லூப்ப 10 ஹெர்ட்ஸுக்கு ஸ்லோ பண்ணா ஹார்மோனிக் குறையுது, ஆனா மேகம் விலகி வெயில் சட்டுனு அடிச்சா பஸ் எகிறுது.

லூப்ல 100 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு ஃப்ரீக்வென்சிய மட்டும் வெட்டுறது) போடலாமா, இல்ல 10 மில்லிசெகண்ட் மூவிங் ஆவரேஜா? கிரிட் ஃப்ரீக்வென்சி கொஞ்சம் நகர்ந்தா எது தாங்கும்?

இன்னொன்னு, பக் டைப் ஆக்டிவ் டீகப்ளிங், அதாவது அந்த 100 ஹெர்ட்ஸ் பவர ஸ்விட்ச் வெச்சு தனி கெப்பாசிட்டருக்கு தள்ளுறது. தனி கெப்பாசிட்டர 150ல இருந்து 350 வோல்ட் வரை ஆட விட்டா 130 மைக்ரோஃபாரட்டே போதும்னு கணக்கு வருது. கூகுளோட லிட்டில் பாக்ஸ் சேலஞ்ச்ல (2 கிலோவாட் இன்வெர்ட்டர ரொம்ப சின்னதா செய்யுற போட்டி) ஜெயிச்ச டீமும் ஆக்டிவ் ஃபில்டர்தான் போட்டாங்க. ஆனா கூடுதலா ஒரு ஹாஃப் பிரிட்ஜ் (ரெண்டு ஸ்விட்ச் ஜோடி), இண்டக்டர், அதோட லாஸ் எல்லாம் சேருதே, 2 கிலோவாட்டுக்கு இது வொர்த்தா? கையால செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருந்தா இண்டக்டர் வேல்யூ, ஸ்விட்சிங் ஃப்ரீக்வென்சி என்ன வெச்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.